கையும் விசையும்: சப்பிரகமுவத் தோட்டப்புறமும் தமிழ் உள்ளீட்டுக் கருவிகளும்

பணிச்சூழலியல் என்பது தொழில் செய்பவருக்கும் அவர் கையாளும் கருவிக்கும் இடையிலுள்ள பொருத்தத்தை ஆராயும் துறையாகும். இரண்டாம் உலகப் போர்க் காலத்திலே விமான ஓட்டிகள் கருவிகளைப் பிழையாக வாசித்தமைக்கும் நெம்புகோல்களை மாறி இழுத்தமைக்கும் காரணம் தேடப் புகுந்த உளவியலாளர், பிழை ஓட்டியிடத்து மட்டுமன்றிக் கருவியின் அமைப்பிலும் உண்டு என்பதைக் கண்டனர். கருவியை மனிதனுக்கு ஏற்ப அமைத்தல் வேண்டும் என்னும் கோட்பாடு அங்கிருந்தே வலுப்பெற்றது. இன்று அக்கோட்பாடு விசைப்பலகை, சுட்டி, தொடுதிரை, குரல்வழி உள்ளீடு எனக் கணினியோடு மனிதர் உறவாடும் வாயில்கள் அனைத்துக்கும் உரைகல்லாய் நிற்கின்றது.

இவ்வாயில்களைப் பற்றித் தமிழில் எழுதப்படுவன பெரும்பாலும் நகரத்து அலுவலகத்தில் மேசை முன் அமர்ந்திருக்கும் ஒருவரை மனத்திற்கொண்டே எழுதப்படுகின்றன. நாம் ஈண்டு வேறொருவரை முன்னிறுத்த விழைகின்றோம். கேகாலை மாவட்டத்து எட்டியாந்தோட்டை, தெரணியகலைப் பகுதிகளிலும், இரத்தினபுரி மாவட்டத்துக் காவத்தை, இறக்குவானை, பலாங்கொடைப் பகுதிகளிலும் தேயிலை, இறப்பர்த் தோட்டங்களில் வாழும் தமிழரே அவர். நுவரெலியாவைப் போன்று தமிழர் செறிந்து வாழும் நிலப்பரப்பு சப்பிரகமுவ அன்று. சிங்களக் கிராமங்களுக்கு நடுவே தீவுகள் போலச் சிதறிக் கிடப்பன இத்தோட்டங்கள். கடைத்தெருவிலும் பேருந்திலும் பிரதேச செயலகத்திலும் வழங்குவது சிங்களம்; லயத்திலும் தோட்டப் பாடசாலையிலும் வழங்குவது தமிழ்; ஆங்கிலமோ பலருக்குப் பாடப்புத்தகத்து மொழி. எனவே ‘எந்த விசையை அழுத்தினால் எந்த எழுத்து வரும்’ என்னும் வினா இங்கு வெறும் பொறியியல் வினாவாக நின்றுவிடுவதில்லை. 1987ஆம் ஆண்டின் பதின்மூன்றாம் அரசியலமைப்புத் திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கியது. வடக்கு, கிழக்கு தவிர்ந்த மாகாணங்களில் சிங்களமே நிருவாக மொழியாயினும், தமிழில் எழுதித் தமிழில் மறுமொழி பெறும் உரிமை அரசியலமைப்பில் உண்டு. அவ்வுரிமை செயலாவது, மேசையிலிருக்கும் விசைப்பலகையில் தமிழைத் தட்டெழுதத் தெரிந்த இலிகிதர் ஒருவர் இருந்தாற்றான்.

உள்ளீட்டுக் கருவிகளை அளப்பதற்குரிய விதிகளுட் பெரிதும் எடுத்தாளப்படுவது அமெரிக்க உளவியலாளர் போல் பிற்ஸ் 1954இல் வெளியிட்டது. ஓர் இலக்கை நோக்கிக் கை செல்வதற்கு எடுக்கும் நேரம், அவ்விலக்கின் தொலைவு கூடக் கூடும். அதன் அகலம் கூடக் குறையும் என்பது அதன் சாரம். இதனை விளக்க ஆய்வுகூடம் வேண்டுவதில்லை. கொழுந்து பறிக்கும் பெண்ணைக் கண்டாற் போதும். இரு கைகளாலும் பறித்த கொழுந்து பிடி நிறைந்ததும், திரும்பிப் பாராமலே தோளுக்கு மேலாக முதுகுக் கூடையில் எறியப்படுகின்றது. கூடையின் வாய் அகன்றது, கைக்கு அண்மையிலுள்ளது, நாள் முழுதும் இடம் மாறாதது. ஆதலின் கண் செடியிலேயே நிலைத்திருக்கக் கை தன் வேலையைத் தானே செய்கின்றது. அதே கை பறிக்கும்போது மட்டும் கண்ணின் துணையை நாடுகின்றது. ஏனெனில் இரண்டு இலையும் ஒரு மொட்டும் சிறிய இலக்கு. நல்ல விசைப்பலகை கூடையை ஒத்தது. தீய விசைப்பலகை ஒவ்வோர் அழுத்தத்தையும் பறிப்பாக்கிவிடுகின்றது.

தமிழ் விசைப்பலகையின் வரலாற்றில் முதலிற் குறிப்பிடத்தக்கவர் யாழ்ப்பாணத்திற் பிறந்து சிங்கப்பூரிற் பணியாற்றிய ரா. முத்தையா ஆவார். அவர் எதிர்கொண்ட சிக்கல் எளிதில் விளங்கக்கூடியது. தமிழ் நெடுங்கணக்கில் எழுத்துக்கள் 247. ஆங்கிலத்துக்கென அமைந்த பொறியிலோ நாற்பதை ஒட்டிய விசைகளே. உயிர்மெய்களைத் தனித்தனி விசைகளாக அமைத்தல் இயலாது. எனவே மெய்யையும் உயிர்க்குறியையும் பிரித்தமைத்து, சில விசைகளை அழுத்தும்போது தாளைத் தாங்கும் உருளை நகராது நிற்குமாறு செய்தார். நகராத விசையினால் விழுந்த குறியின்மீதே அடுத்த எழுத்து வந்து பொருந்த, உயிர்மெய் ஒன்று உருவாயிற்று. எழுத்தை உறுப்புக்களாகப் பகுத்துக் கண்ணுக்கு முழுமையாகக் காட்டிய இம்முறை, இற்றைக் கணினி எழுத்துருக்கள் செய்யும் வேலையின் முன்னோடி எனலாம்.

ஆயினும் தட்டெழுத்துப்பொறி தன் உலோக உடம்புக்கு வேண்டிய சில பழக்கங்களை நம் விரல்களில் விட்டுச் சென்றது. ‘கெ’ என எழுத முதலிற் கொம்பு, பின்னர்க் ககரம். ‘கொ’ என எழுத முதலிற் கொம்பு, அடுத்துக் ககரம், ஈற்றிற் கால். கண்ணுக்கு இடமிருந்து வலமாக இது முறையே. வாய் ஒலிக்கும் ஒழுங்கோ மெய்யை முன்னும் உயிரைப் பின்னும் வைக்கின்றது. பொறியில் எழுத்து தாளிற் பதிந்ததோடு கதை முடிந்தது. கணினியிற் பதிவது மையன்று, தரவு. அதனைத் தேடவும் அகரவரிசைப்படுத்தவும் வேண்டும். 1991இல் வெளிவந்த யூனிக்கோடு முதற் பதிப்பு தமிழுக்கும் இடமளித்தபோது, இந்திய மொழிகளுக்கென அமைந்த குறியீட்டு முறையைத் தழுவி, உயிர்க்குறியை மெய்யின் பின்னேயே சேமிக்கும் ஒழுங்கைக் கொண்டது. ஆகவே தட்டெழுத்து மரபிற் பழகிய விரலின் ஒழுங்கும் கணினி நினைவகத்தின் ஒழுங்கும் வேறாயின. இடையில் நிற்கும் மென்பொருளே இரண்டையும் இணக்கி வைக்கின்றது.

இவ்விணக்கம் கைகூடுமுன் ஒரு நீண்ட இடைக்காலம் இருந்தது. இலங்கையிலும் புலம்பெயர் நாடுகளிலும் ‘பாமினி’ முதலான எழுத்துருக்கள் பெருவழக்குப் பெற்றிருந்த காலம் அது. திரையில் ‘அம்மா’ எனத் தோன்றும். கணினியின் உள்ளே கிடப்பதோ பொருளற்ற ஆங்கில எழுத்துக்களும் ஓர் அரைப்புள்ளியும். அவ்வெழுத்துரு இல்லாத இன்னொரு கணினிக்குக் கோப்பு சென்றால் உள்ளே கிடந்த குப்பை வெளியே தெரியும். துண்டுப்பிரசுரத்துக்கும் திருமண அழைப்பிதழுக்கும் இம்முறை போதுமானது. பெயர்ப் பதிவேட்டுக்குப் போதாது. இவ்வாறு தட்டெழுதப்பெற்ற ஆயிரம் பெயர்கள் கொண்ட பட்டியலில் ஒரு பெயரைத் தேடிப் பாருங்கள். அப்போது பாமினியின் குறைபாடு சொல்லாமலே விளங்கும். எனினும் அதனைப் பழிப்பதற்கில்லை. அச்சகங்களிலும் இதழ்களிலும் தமிழ் நின்று நிலைத்ததில் அதற்குப் பெரும் பங்குண்டு.

இலங்கையின் தமிழ்க் குறியீட்டு நியமம் எஸ்.எல்.எஸ். 1326 என்னும் இலக்கத்துடன் 2008இல் வெளியாயிற்று. அது யூனிக்கோட்டினைத் தழுவியது. விசைப்பலகைக்கு, தட்டெழுத்து மரபைச் சார்ந்த இரங்கநாதன் அமைப்பினை ஏற்றுக்கொண்டது. தமிழகமோ 1999இல், சென்னையில் நடந்த தமிழ்இணையம் 99 மாநாட்டின் வழி, வேறொரு பாதையிற் சென்று ‘தமிழ்99’ அமைப்பினை ஏற்றது. இரண்டையும் ஒப்பிடுதல் நம் பொருளுக்கு இன்றியமையாதது.

தமிழ்99 அமைப்பு தட்டெழுத்துப்பொறியை மறந்து, இலக்கணத்தை நினைத்தது. உயிர்கள் இடக்கைப் பக்கம். மெய்கள் பெரும்பாலும் வலக்கைப் பக்கம். க, ப, ம, த, ந, ய ஆகியன வலக்கை விரல்கள் ஓய்வுகொள்ளும் நடு வரிசையிலேயே உள்ளன. உயிர்மெய்யை உண்டாக்க மெய்யையும் உயிரையும் ஒலிக்கும் ஒழுங்கிலேயே அழுத்தினாற் போதும். பன்னிரண்டு உயிரும் பதினெட்டு மெய்யும் ஆய்தமுமாக 31 விசைகளில் தமிழ் அடங்கிவிடுகின்றது. ஒரே மெய்யை இருமுறை அழுத்தினால் முதலாவதன்மீது புள்ளி தானே விழும். ங-க, ஞ-ச, ண-ட, ந-த, ம-ப, ன-ற என்னும் இனவெழுத்து இணைகளிலும் அவ்வாறே. ஈரொற்று மிகுதலும் மெல்லினத்தை வல்லினம் அடுத்தலும் தமிழின் இயல்பு என்பதறிந்து செய்த ஏற்பாடு இது. இதற்கொரு விலையும் உண்டு. ‘மமதை’ போன்ற சொல்லில் இரண்டு மகரங்களுக்கிடையே அகர விசையை அழுத்தாவிடின் புள்ளி தவறி விழுந்துவிடும். இத்தகைய சொற்கள் சிலவே ஆதலின் விலை மலிவென்றே கருதுகின்றோம்.

நம் தோட்டப்புறத்து வழங்கும் சில சொற்களை மூன்று முறைகளிலும் அழுத்தி எண்ணிப் பார்த்தோம். ‘கொழுந்து’ என்னும் சொல்லுக்குப் பாமினி அமைப்பில் ஏழு அழுத்தங்கள். அவற்றுள் ‘ழு’, ‘து’ இரண்டுக்கும் மேல்மாற்று விசையும் சேரும். தமிழ்99இல் ஏழு, மேல்மாற்று எதுவுமில்லை. ஆங்கில எழுத்துக்களால் ஒலிபெயர்த்து எழுதும் முறையில் ஒன்பது. ‘இரத்தினபுரி’ முதலிரு முறைகளிலும் பத்தில் முடிய, ஒலிபெயர்ப்பில் பதினான்காக நீள்கின்றது. ‘அம்மா’ பாமினியில் ஐந்து, தமிழ்99இல் நான்கு. வேறுபாடு பெரிதன்று என ஒருவர் கூறக்கூடும். ஒரு சொல்லுக்கு அது மெய்யே. நாள் முழுதும் படிவங்களை நிரப்பும் இலிகிதரின் சுண்டுவிரல் மேல்மாற்று விசையை அழுத்தும் தடவைகளைக் கூட்டிப் பார்த்தால் மணிக்கட்டு வேறு விடை கூறும்.

அவ்வாறாயின் இலங்கை ஏன் பழைய மரபினை ஏற்றது? அதற்கும் நியாயமுண்டு. ஒரு நியமம் வகுக்கப்படும்போது ஏற்கெனவே தொழில் பழகியிருக்கும் விரல்களைக் கருத்திற் கொள்ளவேண்டும். அமெரிக்காவில் ஓகஸ்ட் டுவோராக் 1936இல் காப்புரிமை பெற்ற விசைப்பலகை, பழைய றெமிங்டன் வழிவந்த அமைப்பினும் விரல்களுக்கு இசைவானதென அவர் வாதிட்டார். ஆயினும் அது நிலைபெறவில்லை. பழகிய விரல்களை மீளப் பழக்க எவரும் முன்வராமையே காரணம். இலங்கைத் திணைக்களங்களில் தமிழ்த் தட்டெழுத்தாளர் முன்பே மிகச் சிலர். அச்சிலரையும் புதிதாகப் பயில்க எனக் கூறியிருந்தால் தமிழ்க் கடிதங்கள் இன்னும் அருகியிருக்கும். சிங்களத்துக்கென ஏற்கப்பெற்ற விஜேசேகர அமைப்பும் இவ்வாறே தட்டெழுத்து மரபில் வந்தது. அதிலும் கொம்பு முன்னரே விழும். ஆகவே சிங்களத் தட்டெழுத்து அறிந்த இலிகிதருக்கு இரங்கநாதன் அமைப்பின் போக்கு அந்நியமாகத் தோன்றாது. சப்பிரகமுவ போன்ற மாகாணத்தில் இது சிறிய நன்மையன்று.

ஆனால் தட்டெழுத்துப்பொறியைக் கண்ணாலும் கண்டிராத தோட்டத்துப் பிள்ளைக்கு இந்நியாயம் பொருந்துமா? பொருந்தாது என்பதே நம் கருத்து. அப்பிள்ளை அறிந்தது பாடசாலையில் மனனம் செய்த நெடுங்கணக்கு. ‘க்’ உடன் ‘ஆ’ சேர்ந்தால் ‘கா’ என்னும் கணக்கு. அக்கணக்கையே விசையாக்கியது தமிழ்99. அரச நியமத்தை மாற்றவேண்டும் என நாம் வாதிட முற்படவில்லை. ஒரே கணினியில் இரு அமைப்புக்களும் இருக்க எத்தடையுமில்லை. இரண்டும் ஒரே யூனிக்கோட்டுத் தரவையே தருவன. வேண்டுவது, பாடசாலையில் இரண்டிலொன்றை ஆசிரியர் முறையாகப் பயிற்றுவதே. பயிற்சியில்லாத இடத்தை ஒலிபெயர்ப்பு முறை வந்து நிரப்பிவிடுகின்றது.

ஒலிபெயர்ப்பு முறையைப் பற்றிச் சற்று விரிவாகக் கூறவேண்டும். ஆங்கிலம் கற்றவருக்கு இது மிக எளிது. புதிதாக எதனையும் பயில வேண்டுவதில்லை. தன் மொழியை எழுதுதற்கு முன் பிறிதொரு மொழியின் எழுத்தை அறிந்திருக்கவேண்டும் என்பது அவருக்கு ஒரு நிபந்தனையாகவே தோன்றுவதில்லை. தோட்டப்புறத்திலோ அந்நிபந்தனை படலையில் தொங்கும் பூட்டு. தமிழிலும் சிங்களத்திலும் எழுத்தறிந்த ஒருவர், ஆங்கில எழுத்துக்களில் தடுமாறுவாராயின், தாம் அறிந்த இரு மொழிகளிலும் ஊமையாகின்றார். மேலும் ஆங்கிலத்தின் ஒரே லகர எழுத்து தமிழின் ல, ள, ழ மூன்றுக்கும் நிற்கவேண்டியுள்ளது. ஒரே நகர எழுத்து ந, ன, ண மூன்றுக்கும். ‘பழனியாண்டி’ என்னும் பெயரை எடுத்துக்கொள்வோம். ஆங்கிலத்தில் எழுதி மீளத் தமிழாக்கும்போது மென்பொருள் ஊகிக்கின்றது. அகராதிச் சொற்களிலும் பெருவழக்கான பெயர்களிலும் அவ்வூகம் பெரும்பாலும் சரியாகும். தோட்டங்களில் இன்றும் வழங்கும் பழம் பெயர்களில் அது இடறுவதே இயல்பு.

பெயர் பிழைபடுதல் இம்மக்கள் வரலாற்றில் அற்ப விடயமன்று. 1948இன் குடியுரிமைச் சட்டத்தாலும் 1964இன் சிறிமா–சாஸ்திரி உடன்படிக்கையாலும் தலைமுறைகள் பல பத்திரங்களைக் கையில் ஏந்தி அலைந்தன. இந்திய வம்சாவளியினருக்குக் குடியுரிமை வழங்கும் சட்டம் 2003இல் வந்த பின்னரே அவ்வலைச்சல் பெரிதும் ஓய்ந்தது. பிறப்புச் சான்றிதழில் ஒருவாறும் பாடசாலைப் பதிவில் வேறொருவாறும் பெயர் எழுதப்பட்டமையால் இடருற்ற குடும்பங்களைத் தோட்டப்புறத்தில் எவரும் அறிவர். முன்னர் அப்பிழை எழுதுபவரின் செவியிலிருந்து வந்தது. இனி அது விசைப்பலகையிலிருந்தும் வரலாம். ஆதலின் பெயரைப் பதியும் எந்தப் படிவத்திலும், பதிந்த பெயரைத் தமிழில் பெரிய எழுத்திற் காட்டி உரியவரிடம் ஒப்புதல் கேட்கும் ஓர் இடைமுகம் இருத்தல் வேண்டும். செலவு மிகாத ஏற்பாடு இது.

இதுவரை மேசைமேலிருக்கும் பலகையைப் பற்றியே பேசினோம். உண்மையிலோ தோட்டப்புறத்துக்குக் கணினி என வந்து சேர்ந்தது கைத்தொலைபேசியே. 2020இல் பெருந்தொற்றினாற் பாடசாலைகள் மூடப்பட்டபோது, மலைமேட்டில் அலைவரிசை தேடி அமர்ந்த பிள்ளைகள் பாடத்தையும் ஒப்படையையும் பெருவிரலாலேயே கையாண்டனர். பிற்ஸின் விதி இங்கு மிகக் கடுமையாகின்றது. தமிழ் விசைகள் முழுவதையும் கைத்தொலைபேசித் திரையில் அடுக்கினால் ஒவ்வொன்றும் சிறுத்துவிடும். சிறுக்காதிருக்க இரண்டு பக்கங்களாகப் பிரித்தால் பக்கம் மாற்றும் அழுத்தங்கள் கூடும். மெய்யை அழுத்தியதும் அதன் உயிர்மெய் வரிசை மட்டும் மேலே விரியும் அமைப்புக்கள் இச்சிக்கலுக்கு ஓரளவு தீர்வாகின்றன. ஆயினும் கணினித் திரைக்கென வரையப்பெற்று, ஆங்கிலத் தலைப்புக்களோடு வரும் நீண்ட விண்ணப்பங்களைப் பெருவிரலால் நிரப்புதல் எவருக்கும் துன்பமே.

கையின் நிலையையும் நோக்கவேண்டும். இக்காலத் தொடுதிரை விரல் நுனியின் மின்னேற்றத்தை உணர்ந்து இயங்குவது. நனைந்த திரை அதனைக் குழப்பும். காய்த்துத் தடித்த தோல் அதனை மந்தமாக்கும். இரத்தினபுரியோ ஆண்டுக்கு 3000 மில்லிமீற்றருக்கு மேல் மழை பெறும் பிரதேசம். இறப்பர் வெட்டுவோரின் கை மேலும் சிக்கலானது. மரத்தின் உட்பாகத்தைத் தொடாமல் பட்டையை மட்டும் சீவும் நுட்பமான கை அது. கத்திப்பிடி அதனைக் காய்க்கச் செய்கின்றது. இறப்பர்ப் பால் அதன்மீது படலமாய் உறைகின்றது. விரலடையாளக் கருவிகள் தேடுவது தோலின் நுண்ணிய வரைகளை. கைத்தொழிலாளரின் விரல்களில் அவ்வரைகள் தேய்வதனால் கருவி ஆளை அறிய மறுத்தல் பல நாடுகளிலும் காணப்பட்ட குறை. உழைத்த விரலை அடையாளம் காண மறுக்கும் கருவியை உழைப்பவரின் வரவைப் பதிய வைத்தல் நகைப்புக்குரியது; ஆனால் ஒரு நாட் சம்பளம் அதிலே தங்கியிருப்பின் நகைக்க இயலாது.

தோட்டத்தின் பழைய இடைமுகம் யாதெனக் கேட்பின், அது மடுவத்துத் தராசும் கணக்கப்பிள்ளையின் ஏடுமே. காலையிற் பிரட்டுக்களத்திற் பெயர் பதியப்படும். பின்னர்க் கொழுந்து நிறுக்கப்பட்டு எண்ணொன்று உரக்கக் கூறப்படும். அது செக்ரோலில் ஏறும். அண்மை ஆண்டுகளில் இலங்கைப் பெருந்தோட்டங்கள் சிலவற்றில் இலக்கமுறைத் தராசுகள் புகுந்துள்ளன. நிறை தானே பதிவாகின்றது. எழுதும்போது நேரும் பிழையும், எழுதுபவர் வேண்டுமென்றே குறைப்பதும் இதனால் தவிர்க்கப்படலாம் என்பது உண்மை. ஆயினும் தராசின் முகம் யாரை நோக்கியிருக்கின்றது என்பதே நாம் கேட்கும் வினா. எண் தெரியும் பக்கம் நிறுப்பவரை மட்டும் நோக்கியிருந்தால், முன்பு காதாற் கேட்ட எண்ணையும் கொழுந்து பறித்தவர் இழந்துவிடுகின்றார். கூடையின் நிறையாகக் கழித்தது எவ்வளவு, எஞ்சியது எவ்வளவு, இன்றைய மொத்தம் எவ்வளவு என்னும் மூன்றையும், வெயிலிலும் வாசிக்கத்தக்க பெரிய இலக்கங்களில், இரு பக்கத்தாருக்கும் காட்டும் தராசே பயனுடைய தராசு.

குரல்வழி உள்ளீடு இவையனைத்துக்கும் தீர்வாகுமெனச் சிலர் கருதுவர். பேசினால் எழுத்தாகும் வசதி தமிழுக்கும் வந்துவிட்டது. கடிதமொன்றைப் பிறர் கையால் எழுதுவித்துப் பழகிய முதியவருக்கு, இடையாளின்றித் தம் சொல்லைத் தாமே எழுத்தாக்குதல் பெரும் விடுதலையே. ஆயினும் பொறி தான் கேட்டுப் பழகிய தமிழையே நன்கு கேட்கும். பிரட்டு, மடுவம், செக்ரோல், பேர் போடுதல் முதலிய வழக்குகளும், சிங்களச் சொற்கள் இயல்பாகக் கலந்து வரும் சப்பிரகமுவப் பேச்சும் அதற்குப் புதியன. இப்பேச்சினைப் பதிவுசெய்து பொறிக்குப் பயிற்றுதல் மொழியியல் பயிலும் மாணவருக்கு ஏற்ற களப்பணி. பிறிதொரு தடை பேச்சினதன்று, வீட்டினது. பத்தடிக்குப் பன்னிரண்டடி என்னும் அளவில் அமைந்த லயத்து அறையில் ஒரு குடும்பம் முழுவதும் வாழ்கின்றது. அயல் அறையைப் பிரிப்பது ஒரு சுவர். விசையால் எழுதினால் எவரும் அறியாத முறைப்பாட்டையும், அடையாள அட்டை இலக்கத்தையும், வங்கியின் இரகசியச் சொல்லையும் அங்கே உரத்துச் சொல்லவேண்டியிருக்கும்.